இரு கரை, ஒரு விலை



அழைப்பு வந்தபோது, "தமிழ்த்துறை நடத்தும் சொற்பொழிவில் மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவனுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். "கடல் கடந்த வணிகம்தான் இந்த ஆண்டுப் பொருள். மிளகு, முத்து, குதிரை எல்லாம் பேசியாகிவிட்டது. நீங்கள் கரண்டு பற்றிப் பேசுங்கள்" என்றார் துறைத்தலைவர். அதனால் மிளகு வந்து இறங்கிய வழியில் மின்சாரம் வந்து இறங்குவதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

எங்கள் தொழிலில் இருந்தவர்கள் மறக்காத ஒரு தேதி உண்டு: 2013 டிசம்பர் 31. ஊர் புத்தாண்டுக்குக் காத்திருந்த அந்த நாளில்தான் ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே தாளத்தில் இணைந்தது. அதுவரை மின்சாரக் கணக்கில் நாம் ஒரு தீவு. தால்ச்சர் – கோலார் போன்ற சில நேர்மின்னோட்டப் பாதைகள் வழியாக வடக்கிலிருந்து அளந்து அளந்து வாங்கிக்கொண்டிருந்தோம். மின்சந்தையில் தெற்கின் விலை ஒன்றாகவும் வடக்கின் விலை வேறொன்றாகவும் நின்றன. நமக்குத்தான் பெரும்பாலும் கூடுதல். இணைந்த பிறகு, பாதைகள் ஒவ்வொன்றாகக் கூடக்கூட, அந்த இடைவெளி சுருங்கியது.

அன்று கட்டுப்பாட்டு அறையில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அதிர்வெண் முள்ளை. விலையை ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு நாடுகளுக்கிடையே கடலடியில் ஓடும் மின்வடங்களைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு மின்தொகுப்புகளை ஒரு வடத்தால் கட்டினால் மின்சாரம் பாயும், சரி. அதோடு விலையும் பாயும். மின்சாரம் எந்தப் பக்கம் ஓடும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். விலை எந்தப் பக்கம் ஏறும், அப்போது யார் வீட்டில் சண்டை நடக்கும் என்பதைப் பெரும்பாலும் எவரும் எழுதுவதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அதற்குச் சாட்சி.

முதலில் கொஞ்சம் பொறியியல். பயப்பட வேண்டாம், இந்தத் தஞ்சாவூர் அவைக்குப் புரியும்படி வாய்க்காலை வைத்துச் சொல்கிறேன்.

நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 50 முறை போய்த் திரும்பும். வானத்தில் தொங்கும் கம்பிக்கு அது ஒரு சிக்கலும் இல்லை. அதே மின்சாரத்தைத் தடித்த காப்பு சுற்றி, உலோக உறை போட்டு, கடலடியில் கிடத்தினால் அந்த வடம் முழுவதும் ஒரு நீண்ட மின்தேக்கியாகிவிடும். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் முதலில் வாய்க்கால் மண்தான் குடிக்கும் இல்லையா? ஒரு தடவை நனைந்துவிட்டால் பிறகு கடைமடைக்குப் போய்ச் சேரும். ஆனால் நொடிக்கு நூறு முறை அந்த வாய்க்காலைக் காயப்போட்டு நூறு முறை நனைத்தால்? தலைமடையில் விட்ட தண்ணீரெல்லாம் மண்ணை நனைப்பதற்கே போய்விடும். மாறுதிசை மின்னோட்டம் கடலடி வடத்தில் படும் பாடு அதுதான். சில பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் கடைமடை காய்ந்துவிடும். நேர்மின்னோட்டம் ஒரே முறை நனைத்துவிட்டு நிற்காமல் ஓடும்.

ஆகையால் கரையில் ஒரு மாற்றி நிலையம். மாறுதிசையை நேராக்கி வடத்தில் விடுவார்கள், எதிர்க்கரையில் இன்னொரு நிலையம் அதை மறுபடி மாறுதிசையாக்கும். சொல்வதற்கு ஒரு வரி. செய்து முடிக்க ஸ்வீடன் நாட்டு ஊனோ லாம் என்ற பொறியாளருக்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. பாதரச ஆவிக்குள் மின்வில்லை எரியவிட்டு அணைக்கும் வால்வுகளை அவர் செம்மைப்படுத்திய பிறகு, 1954இல் ஸ்வீடன் கரையிலிருந்து காட்லாந்து தீவுக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் ஒரே ஒரு வடம் போனது. 20 மெகாவாட். திரும்பிவரும் மின்னோட்டத்துக்கு இரண்டாவது வடம் போடவில்லை. கடல்நீரையே கம்பியாக வைத்துக்கொண்டார்கள். அந்தச் சிக்கனத்தை நினைத்து நான் இன்றும் ரசிப்பேன்.

நேர்மின்னோட்டத்தில் இன்னொரு வசதி. தேர் இழுக்கும்போது ஒரே வடத்தைப் பிடித்த எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். ஒருவர் தடுமாறினால் வரிசையே ஆடும். ஒரு மின்தொகுப்புக்குள் சுழலும் இயந்திரங்கள் எல்லாம் அப்படித்தான் கட்டுண்டவை. நேர்மின்னோட்ட வடத்தால் இணைந்த இரு நாடுகளோ தனித்தனித் தேர்கள். கொடுக்கல் வாங்கல் உண்டு, ஒன்றின் தடுமாற்றம் மற்றதைச் சாய்க்காது.

நாடு விட்டு நாடு என்று பார்த்தால் 1961இல் இங்கிலாந்தின் லிட் ஊரிலிருந்து பிரான்சின் எஷாங்கெனுக்கு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய 160 மெகாவாட் வடம். இரு நாட்டிலும் மின்தேவை உச்சம் தொடும் நேரம் வேறு வேறு என்பதுதான் அதற்குக் காரணம். இவர்கள் அடுப்பை அணைக்கும் நேரத்தில் அவர்கள் ஏற்றுவார்கள். அந்த வடங்களைக் கடலடியில் சும்மா போட்டுவைத்தார்கள். நங்கூரமும் இழுவலையும் அவற்றைச் சும்மா விடவில்லை. 1986இல் 2000 மெகாவாட்டுக்குப் புது வடங்கள் போட்டபோது கடல்தரையில் அகழி வெட்டிப் புதைத்தார்கள். அப்படிப் புதைத்தும் 2016 நவம்பர்ப் புயலில் ஒரு நங்கூரம் இழுத்துப் பாதித் திறனைக் கொண்டுபோனது. திரும்பி வர மாதங்கள் ஆயின.

இனி நார்வே. நான் நின்று பேச விரும்பும் இடம் இது.

நார்வேயின் தென்மேற்கு மலைகளில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் ப்ளோஷோ என்றொரு நீர்த்தேக்கம் உண்டு. நீல ஏரி என்று பொருள். அது நிறைந்திருந்தால் அந்தத் தண்ணீரில் 780 கோடி யூனிட் மின்சாரம் அடங்கியிருக்கிறது. தமிழ்நாடு கோடையில் ஒரு நாளைக்கு 40 கோடி யூனிட்டுக்கு மேல் செலவழிக்கிறது. கணக்குப் போட்டால் நம் மாநிலம் முழுவதையும் ஏறத்தாழ இரண்டரை வாரம் ஓட்டும் ஒரே ஒரு ஏரி. அந்தத் தண்ணீர் இறங்கிவரும் வழியில் க்வில்டால் மின்நிலையம், 1240 மெகாவாட், நார்வேயில் பெரியது. அந்த நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு இப்படி மலையிலிருந்து விழும் தண்ணீர்தான்.

வட கடலுக்கு மறுபக்கம் பிரிட்டன். அங்கே காற்றாலைகள் பெருகின. காற்றுக்கு நேரம் காலம் கிடையாது. நள்ளிரவில் சுழன்றடிக்கும், குளிர்காலத்து மாலையில் செத்துக்கிடக்கும். க்வில்டாலிலிருந்து இங்கிலாந்தின் பழைய நிலக்கரித் துறைமுகமான ப்ளைத் வரை 720 கிலோமீட்டருக்கு ஒரு வடம் போட்டார்கள். 2021 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கியது. 1400 மெகாவாட். செலவு ஏறத்தாழ 160 கோடி யூரோ, இரு நாட்டு மின்கடத்தல் நிறுவனங்களும் பாதிப்பாதி. மலைக்குள் 2.3 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, சுல்தால் ஏரிக்குள் வடத்தை இறக்குவதற்கென்றே தனியாக ஒரு மிதவையை அமைத்து, அப்புறம்தான் கடலுக்கே வந்தார்கள். வடத்தின் உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? நடுவில் செம்பு, அதைச் சுற்றி எண்ணெயில் ஊறிய காகிதம், மேலே ஈய உறை, அதற்கும் மேலே எஃகுக் கவசம். 515 கிலோவோல்ட்டைத் தாங்குவது காகிதம்தான்! தமிழ்த்துறையில் சொல்வதற்கு ஏற்ற செய்தி என்று குறித்துக்கொண்டு வந்தேன்.

இந்த ஏற்பாட்டின் அழகு எதில் இருக்கிறது என்றால், நார்வே மின்சாரத்தைச் சேமிக்கத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிரிட்டனில் காற்று வீசி விலை விழும்போது அங்கிருந்து வாங்கித் தன் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, ப்ளோஷோவின் மதகைத் திறக்காமல் இருக்கும். காற்று நின்று அங்கே விலை ஏறும்போது மதகைத் திறந்து விற்கும். திறக்காத தண்ணீர்தான் அவர்களுடைய பேட்டரி. ஜெர்மனிக்கும் இதே கணக்கில் 623 கிலோமீட்டரில் இன்னொரு 1400 மெகாவாட் வடம் அதே காலகட்டத்தில் வந்தது. அதற்கு முன்பே 2008இல் நெதர்லாந்துக்கு 580 கிலோமீட்டரில் 700 மெகாவாட். டென்மார்க்குக்கு 1970களிலிருந்தே உண்டு. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல வணிகம் இல்லை.

ஆனால் வடம் ஓடத் தொடங்கிய அந்தக் காலத்தில்தான் எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தது. 2021இல் நார்வேயின் தெற்கில் மழை குறைவு, ஏரிகள் இறங்கின. ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறத் தொடங்கியது. 2022இல் ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்ததும் அது வானத்துக்குப் போனது. எரிவாயுவுக்கும் நார்வேயின் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு? அவர்கள் வீட்டில் எரிவது தண்ணீர் மின்சாரம். தொடர்பு வடத்தில் இருக்கிறது. பிரிட்டனில் பெரும்பாலான நேரமும் ஜெர்மனியில் பல நேரமும் ஒரு யூனிட்டின் விலையைத் தீர்மானித்தது எரிவாயு நிலையம். அந்த விலைக்கு வாங்க அங்கே ஆள் இருக்கும்போது, ப்ளோஷோவின் தண்ணீருக்கும் அதே விலைதான். தெற்கு நார்வேயில் 2022ஆம் ஆண்டுச் சராசரி மொத்தவிலை யூனிட்டுக்கு 2 குரோனரைத் தாண்டியது. அதே நாட்டில் வடக்கே ட்ரொம்சோ பக்கம் அதில் ஒரு சிறு பங்குதான். நாட்டுக்குள்ளேயே தெற்கையும் வடக்கையும் இணைக்கப் போதுமான கம்பிப்பாதை இல்லை. கடலைத் தாண்டி 720 கிலோமீட்டர் போனவர்கள் தங்கள் மலையைத் தாண்டவில்லை.

அந்த நாட்டுக்காரர்களின் கோபத்தைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கதை வேண்டும். 1905இல் நார்வே ஸ்வீடனிலிருந்து பிரிந்தது. அப்போதே வெளிநாட்டு முதலாளிகள் அருவிகளை வாங்கிக் குவிக்கத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பதறி 1906இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதற்கு மக்கள் இட்ட பெயரே "பதற்றச் சட்டம்". பிறகு வந்த சட்டங்களில், தனியார் அருவியில் மின்நிலையம் கட்டினாலும் குறித்த ஆண்டுகளுக்குப் பிறகு அது விலையின்றி அரசுக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதினார்கள். அதாவது ஆற்றுநீர் ஊர்ப் பொது என்பதை நூறு ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்த நாடு. குளிர் உறையும் நாட்டில் வீட்டைச் சூடாக்குவதும் மின்சாரம்தான். அப்படிப்பட்டவர்களிடம் போய், "உங்கள் ஆற்றுத் தண்ணீருக்கு இனி லண்டன் விலை" என்று மின்கட்டணச் சீட்டு சொன்னது.

அரசு 2021 டிசம்பரிலேயே மானியம் தொடங்கியது. யூனிட் விலை 70 ஓரையைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் முதலில் 55 விழுக்காடு, அடுத்த மாதமே 80, 2022 செப்டம்பரிலிருந்து 90 விழுக்காட்டை அரசே ஏற்றது. நூறு ஓரை ஒரு குரோனர். இங்கே ஒரு விநோதம் பாருங்கள். விலை ஏறியதால் பணம் எங்கேயும் மறைந்துவிடவில்லை. நீர்மின் நிலையங்களில் பெரும்பங்கு அரசுடையதும் ஊராட்சிகளுடையதும். அவற்றுக்கு லாபம் கொட்டியது. வடத்தின் இரு முனையிலும் உள்ள விலை வேறுபாடு வடத்தின் சொந்தக்காரர்களுக்கு வருவாயாகச் சேர்ந்தது. நாடு மொத்தத்தில் பார்த்தால் ஆதாயம். ஆனால் பேக்கரி நடத்துகிறவர் நாட்டின் மொத்தத்தில் குடியிருக்கவில்லை, அவருடைய பில்லில்தான் குடியிருக்கிறார். பொருளாதாரம் படித்தவர்கள் இதைச் சரியாகச் சொன்னார்கள், தாமதமாகச் சொன்னார்கள்.

விளைவு? ஸ்காட்லாந்துக்குப் போடவிருந்த இன்னொரு வடத்துக்கு 2023 மார்ச்சில் நார்வே அரசு அனுமதி மறுத்தது. 2025 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிசக்தி விதிகளை ஏற்பதா என்ற சண்டையில் நடுவண் கட்சி கூட்டணி அரசை விட்டே வெளியேறியது. டென்மார்க்குக்குப் போகும் பழைய வடங்களுக்கு வயதாகிவிட்டது, புதுப்பிக்கலாமா கூடாதா என்பது தேர்தல் பேச்சானது. அரை நூற்றாண்டு யாரும் கவனிக்காமல் கடலடியில் கிடந்த கம்பி! அரசு 2025 அக்டோபரிலிருந்து விரும்பும் வீடுகளுக்கு யூனிட் 40 ஓரை என்று நிலைவிலை ஒன்றைக் கொண்டுவந்தது. வரி தனி. வடத்தை அறுக்கவில்லை. வடம் கொண்டுவந்த விலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவை வைத்தார்கள்.

நான் பொறியாளன். 2021க்கு முன் என்னைக் கேட்டிருந்தால், நீரும் காற்றும் சேர்வது இயற்கை நியாயம், மறுப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை. அந்தக் கதவை வடம் போடும் முன்பே வைத்திருந்தால் இத்தனை கசப்பு வந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

பெரிய நாடும் இந்த விளையாட்டில் தப்பாது. 2022 ஜூலை 20, வெயில் கொளுத்திய வாரம். தென்கிழக்கு லண்டனுக்குப் போதிய மின்சாரம் கொண்டுசேர்க்க உள்நாட்டுக் கம்பிகளில் இடம் இல்லை. பெல்ஜியத்திலிருந்து வரும் கடலடி வடத்தில் சிறிதளவு மின்சாரத்தை ஒரு மெகாவாட் மணிக்கு 9724 பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். வழக்கமான விலையைப் போல ஐம்பது மடங்குக்கு மேல். வாங்காவிட்டால் சில பகுதிகள் இருண்டிருக்கும். அந்த வடம் இல்லாதிருந்தால் அந்த விலைக்கும் கிடைத்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடலடி வடம் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 கிறிஸ்துமஸ் நாள். பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையே இரண்டு வடங்கள். அதில் பெரியது, 650 மெகாவாட், அன்று செயலிழந்தது. அந்த நேரத்தில் மேலே போய்க்கொண்டிருந்த ஈகிள் எஸ் என்ற எண்ணெய்க் கப்பலைப் பின்லாந்து அதிகாரிகள் மறித்து ஏறினார்கள். நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும் சோவியத் காலத்துப் பிணைப்பை அறுத்து, ரஷ்யத் தொகுப்பிலிருந்து விலகி ஐரோப்பாவின் தொகுப்போடு சேர நாள் குறித்திருந்த நேரம் அது. ஆனாலும் 2025 பிப்ரவரி 8, 9 தேதிகளில் விலகிச் சேர்ந்துவிட்டார்கள். அறுந்த வடம் சரியாக ஜூன் வரை ஆனது. பழுதுபார்க்கும் கப்பல்கள் உலகிலேயே எண்ணிக்கையில் கொஞ்சம். கடல் அமைதியான நாள் வேண்டும், உதிரி வடம் வேண்டும். கம்பத்தில் ஏறி இன்சுலேட்டர் மாற்றும் நம் லைன்மேன் இல்லை இது.

வழக்கு என்ன ஆயிற்று? ஹெல்சிங்கி மாவட்ட நீதிமன்றம் 2025 அக்டோபரில், நடந்த இடம் பின்லாந்தின் எல்லைக் கடலுக்கு வெளியே, ஆகவே விசாரிக்கும் அதிகாரம் தனக்கில்லை என்று தள்ளிவிட்டது. கப்பல் குக் தீவுகளின் கொடியில் ஓடியது. கடலில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று ஒன்று இருந்தால், அங்கே அறுந்த வடத்துக்கும் கேட்பாரில்லை.

இப்போது நம் கரைக்கு வருவோம். மதுரைக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே மின்தொடர்பு என்ற பேச்சு நெடுநாள் பழையது. 2010இல் ஆய்வுக்கான புரிந்துணர்வு கையெழுத்தானது. தொடக்கத் திட்டங்களில் முதற்கட்டம் 500 மெகாவாட், பிறகு ஆயிரம் என்று பேசினார்கள். கிடப்பில் போனது, எழுந்தது, பாதை மாறியது. 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் நேர்மின்னோட்ட இணைப்பை நிறைவேற்றுவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. தொழில்நுட்பத்தில் நமக்குப் பயமில்லை. கரூர் பக்கத்தில் புகளூருக்கு 1700 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டம் வந்து இறங்குகிறது. வட கடலோடு ஒப்பிட்டால் பாக் நீரிணை ஒரு ஓடை. கடல் அகலம் இவ்வளவு குறைவானால் மாறுதிசையிலேயே போடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். போடலாம். மொராக்கோவும் ஸ்பெயினும் ஜிப்ரால்டரில் 1997லும் 2006லும் அப்படித்தான் போட்டன. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் முழுக்க இருண்டபோது, மறுபடி ஏற்றிவிட்டதில் மொராக்கோவின் அந்த வடத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் மாறுதிசையில் கட்டினால் இரண்டும் ஒரே தேர். இந்தியத் தொகுப்பின் தடுமாற்றம் எல்லாம் அந்தச் சின்னத் தொகுப்பில் இடியாக இறங்கும். நேர்மின்னோட்டம் என்ற முடிவு சரி.

இலங்கையின் தொகுப்பு எவ்வளவு மெல்லியது என்பதை 2025 பிப்ரவரி 9 காட்டியது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் மிகுதி. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது என்று அமைச்சர் சொன்னார். தீவு முழுவதும் இருண்டது. ஊர் குரங்கைப் பார்த்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. குரங்கு எல்லாத் துணை மின்நிலையத்திலும் ஏறும். கனமான சுழலிகள் குறைவாக ஓடும் நேரத்தில் ஏறியதுதான் அன்றைய கோளாறு. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் அணைத்துவைக்கும்படி மின்சார சபையே மக்களிடம் வேண்டிக்கொண்டது. நல்ல மாற்றி நிலையங்களோடு ஒரு வடம் இருந்திருந்தால் பிப்ரவரித் தடுமாற்றத்தைத் தாங்கிப்பிடித்திருக்கலாம், குறைந்தது விரைவாக எழுப்பியிருக்கலாம். என் கணக்கில் இந்த வடத்தின் முதல் பயன் காப்பு. வணிகம் அப்புறம்தான்.

வணிகத்தைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. வட கடலின் இரு கரையும் வேறு வேறு: ஒன்று நீர், ஒன்று காற்று. பாக் நீரிணையின் இரு கரைக்கும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்று. முப்பந்தலில் காற்றாடி சுழலும் மாதத்தில்தான் மன்னாரிலும் சுழலும். சூரியன் ஒன்று, கடிகாரமும் ஒன்று. 2006இலிருந்து இரு நாட்டுக்கும் ஒரே நேரம். அங்கே விளக்கேற்றும் மாலையில்தான் இங்கேயும் ஏற்றுகிறோம். வேறுபாடு என்று பார்த்தால் மகாவலி நீர்த்தேக்கங்கள்தாம். விக்டோரியா 210 மெகாவாட், கொத்மலை 201. ப்ளோஷோவுக்கு முன்னால் அவை சின்னக் குளங்கள், ஆனால் மதகைத் திறக்காமல் இருக்கும் வித்தை அவற்றுக்கும் தெரியும்.

அளவும் இடிக்கும். பிரிட்டனின் தொகுப்பு 1400 மெகாவாட் ஒரே நொடியில் அறுந்தாலும் தாங்கும்படி அமைந்தது. இலங்கையின் உச்சத் தேவையே 2500 மெகாவாட்டுக்கு மேல், அவ்வளவுதான். நுரைச்சோலை மின்நிலையத்தின் பெரிய அலகு ஒவ்வொன்றும் 300. அங்கே 500 மெகாவாட்டை ஒரே கம்பியில் வாங்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் கம்பி போனால், குரங்கு தேவையில்லை.

இனி நார்வே சொல்லிக்கொடுத்தது. ஐம்பத்தைந்து லட்சம் பேர் உள்ள நாடு கோடிக்கணக்கானவர்களின் சந்தையோடு சேர்ந்ததும், பெரியதன் விலையைச் சிறியது வாங்கிக்கொண்டது. இரண்டு கோடிப் பேருக்கு மேல் உள்ள தீவு நூற்று நாற்பது கோடியோடு சேரும்போது என்ன ஆகும்? விலை இறங்கும் நாளில் பாராட்டு நமக்கு, ஏறும் நாளில் பழியும் நமக்கு. அங்கே விலை ஏறியதோ இறங்கியதோ தமிழ்நாட்டில் ஒருவருக்கும் தெரியக்கூடச் செய்யாது. அதனால் ஏறும் நாளில் எவ்வளவு வரை ஏறலாம், யார் தாங்குவது என்பது முதல் பக்கத்தில் இருக்க வேண்டும், பின்னிணைப்பில் இருக்கக் கூடாது.

பணம் எந்த நாணயத்தில்? 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. அங்கே மின்நிலையங்கள் இருந்தன, எண்ணெய் வாங்க டாலர் இல்லை. வடம் இருந்திருந்தால் மட்டும் அந்த மின்சாரத்துக்கு எதைக் கொடுத்திருப்பார்கள்? இன்னொன்று. நேபாளத்திலிருந்து இந்தியா நீர்மின்சாரம் வாங்கும்போது, சீன முதலீடோ சீன ஒப்பந்தக்காரரோ உள்ள திட்டமா என்று பார்த்தே வாங்குகிறது. நுரைச்சோலை சீனக் கடனில் கட்டியது. வடத்துக்குள் எலக்ட்ரான்களுக்குச் சாதிச் சான்றிதழ் கொடுப்பது எப்படி என்று என் போன்ற பொறியாளனுக்குத் தெரியாது. சட்டம் எழுதுகிறவர்கள் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தில் நாம் பால்டிக் கடலோர நாடுகளைவிடக் கொடுத்துவைத்தவர்கள். 1974 ஒப்பந்தப்படி பாக் நீரிணையில் ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு மேற்கே இந்தியா, கிழக்கே இலங்கை. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத கடல் கிடையாது. வடம் அறுந்தால் எந்த நீதிமன்றம் என்பதில் குழப்பம் வராது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எந்த நீதிமன்றம் என்பதைவிட, குற்றவாளிக் கூண்டில் யார் என்பது. அங்கே எண்ணெய்க் கப்பல். இங்கே? பாக் வளைகுடாவின் பெரும்பகுதி பத்துப் பதின்மூன்று மீட்டர் ஆழம்தான். பெரிய கப்பல் வராது. கடல்தரையை வாருவது விசைப்படகின் இழுவலைப் பலகைகள். இலங்கை 2017இல் இழுவலையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நம் விசைப்படகுகளுக்கும் வடபகுதித் தமிழ் மீனவர்களுக்கும் நடக்கும் வழக்கு நீங்கள் அறிந்தது. மீன்பிடித் தகராறு ஓடிக்கொண்டிருக்கும் அதே தரையில் வடத்தைப் புதைக்கப் போகிறோம். வடக்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் 2022இல் ஆவுளியா என்ற கடற்பசுக்களுக்காக ஒதுக்கப்பட்டது. தெற்கே மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா. இடைப்பட்ட கடலில் மீனவர்களும் வடமும்.

இரண்டு ஆண்டுக்கு முன் பாம்பனில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் விசைப்படகு வைத்திருப்பவர். நான் மின்வாரியம் என்றதும் இந்த வடத்தைப் பற்றிக் கேட்டார். "எங்க போகும்னு எங்களுக்குச் சொல்வாங்களா சார்?" என்றார். வட கடலில் வடங்களின் தடத்தைப் படகிலுள்ள கருவியில் ஏற்றிக்கொள்ளும்படி மீனவர்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள், இங்கேயும் தர வேண்டும் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எனக்குக் காட்டுற அதே கோடு, தலைமன்னார்க்காரன் படகுலயும் காட்டுமா?"

காட்ட வேண்டும் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, மோருக்குக் கை காட்டினார்.